ஜம்பு உருட்டிய சைக்கிள்

ஜம்புலிங்கத்துக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதிலென்ன பெரிய விஷயம், எத்தனையோ பேருக்குத் தெரியாது என்பீர்கள். ஆனால் ஆள் இருந்தது புனேயில். பால்காரரிலிருந்து காலேஜ் புரொபசர் வரை சைக்கிளில் போன ஊர் அது. அதைவிட, ஜம்புவிடம் சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தது. முப்பது வருஷமாக இருந்தது. தினமும் அதோடுதான் கட்கி ஃபாக்டரிக்கு வேலைக்குப் போனார். ஏறி உட்கார்ந்து மிதிக்கத்தான் தெரியாது.

எப்படி என்று கேளுங்கள். கல்யாணமான புதிதில் மாமனார் ஆசையாக வாங்கித் தந்த வண்டி அது. ஓட்டிப் பழகுகிறேன் பேர்வழி என்று முதல் வாரமே ஏறினார். காலை ஷிப்டுக்குப் போங்கா ஊதுகிற நேரம். ஃபாக்டரிச் சங்கை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கேட்டில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் ஒரு டீக்கடை பெஞ்சின்மேல் போய் விழுந்தார். ஷெட்டுக்குள் அந்தச் சிரிப்பு அடங்க ரொம்ப நாளாயிற்று. அதோடு ஏறுவதை விட்டார். அதற்காக மாமனார் கொடுத்த வண்டியை வீட்டில் சும்மா நிறுத்த முடியுமா? புதுப் பெண்டாட்டி என்ன நினைப்பாள்?

இங்கேதான் ஃபாக்டரி வழக்கம் அவருக்குக் கைகொடுத்தது. ராணுவத்துக்கு வெடிமருந்து செய்கிற இடம் என்பதால், எப்பேர்ப்பட்டவனும் கேட்டில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வெளியே வரும்போதும் அப்படியே. அந்தக் கூட்டத்தில் ஜம்புவும் ஒரு சைக்கிள்காரர். மற்றவர்கள் கேட்டில் இறங்கினார்கள், இவர் வீட்டிலிருந்தே இறங்கியிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். எல்லோருக்கும் முன்னால் கிளம்பி, ரயில் லைனை ஒட்டிய சந்து வழியாக உருட்டுவார். எதிரே தெரிந்த முகம் வந்தால் சட்டென்று குனிந்து செயினைப் பார்ப்பார். கூட வேலை செய்தவர்கள் பரிதாபப்பட்டுப் பழைய செயின்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மனிதர் கூசாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

அவர் மனைவி நீலா நேர் எதிர். ஆரணியிலிருந்து வந்த ஒரே வருஷத்தில், பக்கத்து வீட்டு மராத்திப் பெண்களோடு சேர்ந்து சைக்கிள் பழகிவிட்டாள். கட்கி பஜாருக்குக் காய்கறி வாங்கப் போவதும் சைக்கிள், மகள் ஸ்நேஹாவை ஸ்கூலில் விடுவதும் சைக்கிள், சாயங்காலம் தாபோடி பாலம் வரை சும்மா காற்று வாங்குவதும் சைக்கிள். ரெண்டு பேருமாக ஒரு ரவுண்டு போய் வரலாமே என்று ஆரம்பத்தில் புருஷனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வேலைக் களைப்பு, முட்டி வலி, செயின் என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தார். சில வருஷத்தில் அவளும் கூப்பிடுவதை விட்டாள். அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்தார் ஜம்பு.

எங்கே தப்பிப்பது? 2004-இல் பொங்கல் முடிந்த கையோடு பிரான்ஸிலிருந்து ஸ்நேஹா போன் செய்தாள். அவளும் புருஷன் தேஜஸும் அப்போது போர்தோவில் இருந்தார்கள். செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் வந்தே ஆக வேண்டும், நாலு பேருமாக ஒரு வாரம் சைக்கிள் டூர் என்றாள். ஊர் ஊராக ஒயின் திராட்சைத் தோட்டங்கள், நடுவே பொடிச் சரளை போட்ட பாதை, கார் பஸ் எதுவும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதாம். முப்பது வருஷமாக ஓட்டுகிற அப்பாவுக்கு அது ஜுஜுபி என்று வேறு சொல்லி வைத்தாள். போனை வைத்த நீலாவின் முகத்தைப் பார்த்தார் ஜம்பு. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. விழுந்து கையை உடைத்துக்கொள்வதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. இத்தனை வருஷம் நம்ப வைத்து ஏமாற்றிவிட்டானே என்று நீலா பார்ப்பாளே, அந்த ஒரு பார்வைக்குத்தான் பயம். பாஸ்போர்ட் தொலைந்தால்கூட நல்லது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

நீலா சும்மா இருப்பவளா? சரளையில் ஓட்டிப் பழக வேண்டும் என்று அவளே ஓர் ஏற்பாடு செய்தாள். நாராயண்காவ் பக்கம் தேஜஸின் மாமாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது, அதுவும் ஒயினுக்குப் போகிற திராட்சை. தோட்டத்தை ஒட்டிக் கால்வாய், கால்வாய்க் கரைமேல் சரளை ரோடு. வண்டிகள் நுழையாதபடி பாசன இலாகா குறுக்கே இரும்புக் குழாய் போட்டிருந்தது. பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை புருஷனைக் கிளப்பிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மாமா வீட்டில் ரெண்டு சைக்கிள் தயாராக நின்றன. ரெண்டிலும் செயின் எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தது. ஜம்பு அதை ரொம்ப நேரம் வெறித்துப் பார்த்தார்.

ரோடு என்றால் அது ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கம்பிப் பந்தலில் கொத்துக் கொத்தாகக் கறுப்புத் திராட்சை. மனித நடமாட்டமே இல்லை. நீலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள், ஜிவ்வென்று போனாள். ஐம்பதைத் தாண்டியவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போய்த் திரும்பி வந்து பார்த்தால், ஜம்பு உருட்டிக்கொண்டு வந்தார். கொஞ்சம் நடந்து உடம்பைச் சூடு பண்ணிக்கொள்கிறேன் என்றார். இன்னொரு தரம் வந்தாள். டயரில் காற்று சரியில்லை என்றார். மூன்றாம் தரம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக மிதித்துப் போனாள்.

அந்த வேகம்தான் வினையாயிற்று. வளைவில் சரளை வாரிவிட்டது. ஜம்பு ஓடிப்போய்ப் பார்த்தபோது நீலா ரோட்டில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. அவள் வண்டியின் முன்சக்கரம் கோணிப்போயிருந்தது. உதவிக்கு ஒரு டெம்போவைக் கூப்பிடலாமென்றால், டெம்போ வராத ரோடு வேண்டும் என்று தேடி வந்ததே இவர்கள்தான். அவரை சைக்கிளில் வேகமாகப் போய் மாமாவைக் கூட்டி வரச் சொன்னாள் நீலா.

ஜம்பு நின்றார். குனிந்து செயினைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

"நீலா, எனக்கு ஓட்டத் தெரியாது."

"வெளையாடற நேரமா இது?"

"சத்தியமா தெரியாது. ஒரு நாளும் ஓட்னதில்ல. வூட்லேர்ந்து கேட்டு வரைக்கும் தள்ளிக்கினுதான் போனேன்."

டீக்கடை பெஞ்சு, சந்து, செயின் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். நீலாவைத் தூக்கித் தன் வண்டியின் கேரியரில் உட்கார வைத்து, கோணிய சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, உருட்ட ஆரம்பித்தார். இந்த ஒரு வேலையில் ஜம்புவை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை சீட்டில். பள்ளம் வந்தாலும் மேடு வந்தாலும் வண்டி ஆடவில்லை. கேரியரில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் பின்னாலிருந்து சத்தமே வராதது அவரை என்னவோ செய்தது. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஒரு மதகு வந்தபோதுதான் அவள் பேசினாள்.

"நான் வேற நெனச்சிக்கினு இருந்தேங்க. பொம்பள சைக்கிள் ஓட்றா, அவ கூட வர்றதுக்கு உங்களுக்கு வெக்கமா இருக்குதுன்னு. அதனாலதான் கூப்பிடறத வுட்டேன். இத்தினி வருஷமும் தனியாவே ஓட்னேன்."

ஜம்புவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவமானப்படப் போவது தான் மட்டும்தான் என்று முப்பது வருஷம் நினைத்திருந்தார். இவள் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டு தினமும் அந்தப் பாலம் வரை போய் வந்திருக்கிறாள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை, ரெண்டு கையும் வண்டியில் இருந்தன.

"வெக்கமா? உன்ன மாதிரி ஓட்ட முடியலியேன்னு சந்து பூரா பொறாமப்பட்டுக்கினு தள்னவன்டி நான்."

மதகுச் சுவரில் தன்னை இறக்கிவிடச் சொன்னாள் நீலா. இறக்கினார். அவர் கைக்குட்டையைக் கால்வாய்த் தண்ணீரில் நனைத்துத் தரச் சொல்லி, கணுக்காலில் சுற்றிக்கொண்டாள். பிறகு சைக்கிளைக் காட்டினாள்.

"ஏறுங்க. இங்க போங்கா இல்ல, கேட்டு இல்ல. சிரிக்கறதுக்கு நான் ஒருத்திதான். என் கால் எங்கயும் ஓடிப்போயிடாது."

பெடலில் ஒரு காலை வைத்தார், மறு காலால் உந்தினார். சீட்டில் ஏறும் முன்னே சரளையில் சரிந்தார். நீலா சிரித்தாள். தாராளமாக, வாய்விட்டுச் சிரித்தாள். அவர் பயந்து பயந்து ஒளிந்தது இந்தச் சிரிப்புக்குத்தான், கேட்டபோது ஒன்றும் ஆகிவிடவில்லை. திரும்பவும் ஏறினார், திரும்பவும் விழுந்தார். கையைத் தளர்த்திப் பிடியுங்கள், சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தில் பாருங்கள் என்று சுவரில் உட்கார்ந்தபடியே அதட்டினாள். அடுத்த தரம் எப்படியோ உட்கார்ந்துவிட்டார். மிதித்தார். வண்டி போனது. நிஜமாகவே போனது. திராட்சைப் பந்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன, சட்டைக்குள் காற்று புகுந்தது. அடப்பாவி, இத்தனை சுகத்தையா இவ்வளவு காலம் பக்கத்திலேயே வைத்து உருட்டினோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். நீலா ஏதோ கத்துவது கேட்டது. பிரேக் என்றாளோ, போதும் என்றாளோ தெரியவில்லை. வளைவு தாண்டி, அடுத்த மதகும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். நிறுத்தவும் மனசில்லை, வண்டியைத் திருப்புவது எப்படி என்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு சரளைக் குவியல் அவரை நிறுத்தி வைத்தது.

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்து சேர்ந்தபோது முழங்கையில் சிராய்ப்பு, முகமெல்லாம் பல். நீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏன் ஓட்டிக்கொண்டே வரவில்லை என்று கேட்டாள்.

"திருப்பத் தெரில."

அவர் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"பரவால்ல. ஸ்நேஹா சொல்ற ரோடு ஒரே பக்கமாத்தான் போவுதாம், திரும்பி வர ரயில் இருக்குதாம். நீங்க நேரா ஓட்டுங்க, போதும். நான் பக்கத்துலயே வர்றேன்."