ஏழு வீட்டுச் சுவரில் ஒரே உடம்பு

பொத்தான்தான் காட்டிக்கொடுத்தது.

அடுத்த வாரம் மாதா கோயில் திருவிழா. அதற்குள் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட வேண்டும் என்று மாமியார் லூர்து மேரி காலையிலிருந்தே விரட்டிக்கொண்டிருந்தாள். கிளாரா ஸ்டூலைப் போட்டு ஏறி, டி.வி.க்கு மேலே தொங்கிய கணவனின் படத்தைக் கழற்றினாள். மிலிட்டரி உடுப்பில் ஆரோக்கியசெல்வம். நாலு வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோது கொண்டுவந்து காட்டியதும் இதே படம்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அந்த உயரத்திலேயே இருந்தது. இன்றுதான் கைக்கு வந்தது.

நைட்டி மேல் போட்டிருந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்தாள். பாதியில் கை நின்றது.

கிளாரா தையல்காரி. சின்னமனூரைச் சுற்றி நாலு பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம் தைப்பவள். ஆம்பிளைச் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இந்தச் சட்டையில் வலப்பக்கம் மேலே வந்திருந்தது.

படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். காலருக்கு மேலே, தாடைக்குக் கீழே, மயிரிழை மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம்.

தலை அவனுடையது. உடம்பு யாருடையதோ.

போன வாரம் அவள் அண்ணன் ஆல்பர்ட் சொன்னது காதுக்குள் திரும்ப ஒலித்தது. ஆல்பர்ட் பிக்கப் வண்டியில் குமுளிக்குத் திராட்சை லோடு அடிப்பவன். சும்மா வந்தவன் டீயைக் குடித்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“மாப்ள நெசமாவே பட்டாளந்தானா புள்ள? ஏதாச்சும் ஏ.டி.எம். வாசல்ல டார்ச் லைட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருக்கப் போறாரு. இப்பிடிப் போட்டோவக் காட்டியே ஒருத்தன் ரெண்டு கல்யாணம் பண்ணியிருக்கான்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு.”

கிளாரா அவனைத் திட்டி அனுப்பிவிட்டாள். ஆனால் சொன்ன சொல் போகவில்லை. ஏனென்றால் அவள் செல்வத்தை உடுப்போடு பார்த்ததே இல்லை. நாலு வருஷத்து லீவையெல்லாம் கூட்டினால் பதினோரு மாசம் தேறும். ஒவ்வொரு முறையும் உரக் கம்பெனி ஏஜென்ட் மாதிரி ஒரு கட்டம் போட்ட சட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குவான். வீட்டுக்கு வந்ததும் கைலி. அவன் பையில் நம்பர் பூட்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரே ஒரு தடவை உடுப்போடு வாருங்கள் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். “ரூல்ஸ் இல்ல புள்ள” என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வான்.

அதே தெருவில் இன்னொரு பட்டாளத்துக்காரனான விஜய்பாண்டிக்கு மட்டும் எந்த ரூல்ஸும் இல்லை போலிருந்தது. போன மாசம் முழு உடுப்போடு ஊருக்குள் நடந்து வந்தான். தெருவே வாசலுக்கு வந்தது. அவன் பெண்டாட்டி ஆரத்தித் தட்டோடு நின்ற நிற்பை, கிளாரா தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

இன்றைக்கு வியாழன். சனிக்கிழமை மத்தியானம் செல்வத்துக்கு மதுரை பஸ். திருவிழாவுக்கு இருக்க மாட்டான். அதற்குள் அவளுக்கு உண்மை தெரிந்தாக வேண்டும்.

படத்தைத் திருப்பினாள். பின்பக்க அட்டையில் ஒரு ரப்பர் முத்திரை. உத்தமபாளையத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ.

செல்வம் மாமன் தோட்டத்தில் திராட்சைப் பந்தல் கட்டப் போயிருந்தான். நூல் தீர்ந்துவிட்டது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, படத்தைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளாரா பஸ் ஏறினாள்.

*

ஸ்டுடியோக்காரர் கலீல் ரஹ்மான் படத்தைப் பார்த்ததும் கொஞ்சமும் பதறவில்லை. பழைய கூட்டாளியைப் பார்த்த மாதிரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“நம்ம கைவேலதான்மா. கழுத்துல இன்னுங்கொஞ்சம் பூசியிருக்கணும். அன்னைக்குக் கரண்டு போயிருச்சு.”

விஷயத்தை அவரே சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் லூர்து மேரி வந்தாள். கையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பாஸ்போர்ட் போட்டோ. பையனுக்குப் பெண் பார்க்கிறோம், மிலிட்டரி உடுப்பில் வேண்டும் என்றாள். பாயின் கம்ப்யூட்டரில் மூன்று உடம்புகள் இருந்தன. கோட்டு சூட்டு ஒன்று, போலீஸ் ஒன்று, மிலிட்டரி ஒன்று. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்குத் தகுந்த மாதிரி உடம்பையும் திருப்பிப் போட்டுவிடுவார். பொத்தான் பக்கம் மாறியது அப்படித்தான்.

“இந்த மிலிட்டரி ஒடம்பு நல்லா ஓடுச்சு தங்கச்சி. கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவுல ஏழு வீட்டுச் சுவத்துல தொங்குது.”

“ஏழு பேரும் பட்டாளமா பாய்?”

கலீல் பாய் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“ரெண்டு பேரு நெசமாவே பட்டாளம். மத்தவுக பொண்ணு பாக்கப் போனவுக. எந்தத் தல எதுல சேத்தின்னு எங்கிட்டக் கேக்காத. குடுக்குற தலைய ஒட்டுறவன் நான்.”

ஏழில் இரண்டு. திரும்பி வந்த பஸ்ஸில் கிளாரா கட்டைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். மீதி ஐந்தில் அவன் ஒருவனாக இருந்தால்? ஒவ்வொரு முறையும் இந்த ரோட்டில்தான் அவனை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, அழுதுகொண்டே நடந்து போயிருக்கிறாள். அந்த அழுகையெல்லாம் எந்த ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்திருந்தவனுக்காக?

*

வீட்டுக்குள் நுழைந்தபோது செல்வம் தோட்டத்திலிருந்து வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். மூக்கில், புருவத்தில், மார்பில் எல்லாம் வெள்ளைப் புள்ளிகள். லூர்து மேரி கோயில் கூட்டிப் பெருக்கப் போயிருந்தாள். கிளாரா நேராகத் தையல் அறைக்குப் போய், படத்தை மிஷின் மேஜையில் வைத்தாள். கூப்பிட்டாள்.

வந்தவன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான்.

“பொத்தான் தான?”



தையல்காரியைக் கட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே தனக்கு முதலில் வந்த பயம் இதுதான் என்றான். உடுப்போடு போட்டோ எடுத்து அங்கே இங்கே அனுப்பக் கூடாது என்று அவன் யூனிட்டில் சொல்லியிருந்தார்கள். அவன் அனுப்பவில்லை. உடுப்பு இல்லாத போட்டோவைக் கொண்டுபோனால் எந்தப் பெண் வீட்டிலும் நம்பவில்லை. ஆத்தா தனக்குத் தெரிந்த வழியைப் பார்த்துக்கொண்டாள்.

“நானும் நம்பல,” என்றாள் கிளாரா.

அவன் முகத்தில் இருந்த லேசான சிரிப்பு போய்விட்டது. கையைக் கைலியில் துடைத்தான். உள்ளே போய்ப் பையின் நம்பர் பூட்டைத் திருகும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, ஓர் அடையாள அட்டையை மிஷின் மேல் வைத்தான்.

அவனேதான். ஒட்டாத தலை. நம்பர், முத்திரை, எல்லாம் இருந்தன. கிளாராவுக்குள் ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்தது விட்டது. ஆனால் அது விட்ட இடத்தில் வேறொன்று, அதைவிடப் பழையது, மெல்ல மேலே ஏறி வந்தது. அட்டையை அவன் பக்கமே தள்ளினாள்.

“இத ஆல்பர்ட் அண்ணனுக்குக் காட்டுங்க. எனக்கு இது வேணாம்.”

“பெறகு?”

“எனக்கு உங்களப் பாக்கணும்.”

செல்வம் கட்டிங் பெஞ்சில் உட்கார்ந்தான். ரூல்ஸ் இல்லை என்று இந்த முறை சொல்லவில்லை. ரூல்ஸும் உண்டுதான்; விஜய்பாண்டி தெருவில் நடந்ததை யாரோ எடுத்துப் போட்ட வீடியோவுக்கு இன்றைக்கும் அவன் யூனிட்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடம் மாறிப் போகும்போது நடந்ததைச் சொன்னான்.

ஆந்திராவில் ஏதோ ஒரு ஸ்டேஷன். தண்ணீர் பிடிக்க இறங்கினான். உடுப்பில் இருந்தான். பிளாட்பாரத்தில் ஒரு அம்மா வந்து சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகன் இதே துணியில் போனவனாம். திரும்பவில்லையாம். கூட இருந்த தெலுங்கு தெரிந்தவன் கேட்டுச் சொன்னான். அந்த அம்மா துணியைத் தடவினாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். ஏதோ ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வண்டி நகர்ந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் அவன் ஏற முடிந்தது.

“எம் மூஞ்சிய அந்தம்மா ஒரு தடவகூடப் பாக்கல கிளாரா. உள்ள யாரு இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான். அப்பயிருந்து வெளிய போடப் பிடிக்கல. இங்கனயாச்சும் நான் நானா இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன்.”

 கிளாரா வெட்டி வைத்திருந்த பள்ளிக்கூடத் துணியை மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள்.

“ஊருக்குக் காட்ட நான் கேக்கல,” என்றாள். “கைலி கட்டுன ஆளு எனக்குப் பதினோரு மாசம் தெரியும். மிச்ச நாளெல்லாம் நீங்க அங்கன எப்பிடி நிப்பீக, எப்பிடி நடப்பீகன்னு நெனைக்க எனக்கு ஒரு ஒடம்பு வேணுமில்ல? நாலு வருசமா கலீல் பாய் ஒட்டுன ஒடம்பத்தான் நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்.”

 சுண்ணாம்பு காய்கிறது என்று செல்வம் எழுந்து போனான்.

*

வெள்ளிக்கிழமை போனது. 

சனிக்கிழமை காலை பத்து மணி. செல்வம் பையைத் திறந்து சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அடியில் மடித்து வைத்திருந்த ஒரு செட் உடுப்பு மேலே வந்தது. போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்வதற்காக எப்போதும் கூடவே வருவது. பூட்டைத் திறந்தபோதெல்லாம் முதுகைக் காட்டி நிற்பவன் இன்றைக்கு நகரவில்லை.

பேன்ட்டின் இடுப்பில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. கிளாராவின் கண் நேராக அங்கேதான் போனது.

“இது யாரு குத்துனது?”

“நாந்தான். எளைச்சுட்டேன். லூசா இருக்கு.”

“இப்பிடியா போட்டுக்கிட்டு நிக்கிறீக? குடுங்க, ஒரு பிடி பிடிச்சுத் தாரேன்.” நிறுத்தினாள். அவனைப் பார்க்காமல் சொன்னாள். “போட்டுப் பாக்காமத் தைக்க முடியாது.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு எழுந்து, தையல் அறை ஜன்னலைச் சாத்தினான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். பெண்கள் சுடிதார் போட்டுப் பார்க்கும் திரைக்குப் பின்னால் உடுப்பை எடுத்துக்கொண்டு போனான்.

கிளாரா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு குண்டூசி போதும். நாலு எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள்.

திரை விலகியது.

முதலில் பொத்தானைத்தான் பார்த்தாள். இடப்பக்கம் மேலே. சரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் ஆளைப் பார்த்தாள். வீட்டில் எந்நேரமும் நிலையில் சாய்ந்து நிற்கிறவன், துணி மேலே பட்டதும் தானாக நிமிர்ந்திருந்தான். கழுத்து கொஞ்சம் நீண்ட மாதிரி இருந்தது. முகம் அவனுடையதுதான். ஆனால் அந்த முகம் வேறெங்கோ தூரத்தைப் பார்த்துப் பழகியிருந்தது. பச்சைச் சட்டையின் முழங்கையில் ஒரு கிழிசல். கறுப்பு நூலில், கோணல்மாணலாக, ஆம்பிளைக் கையால் தைத்தது. அங்கே இவனுக்குக் கிழிந்தால் இவனே தைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்கு இத்தனை நாளாகத் தோன்றியதே இல்லை.

“ஏதாச்சும் சொல்லு,” என்றான்.

அவள் ஊசி கவ்விய வாயோடு தலையை ஆட்டினாள்.

இடுப்பைச் சுற்றி டேப் போட்டாள். முப்பத்தொன்று. கல்யாணப் பேன்ட் தைத்தபோது முப்பத்துமூன்று. சாக்பீஸால் கோடு போட்டாள். அழித்துவிட்டு அதே இடத்தில் திரும்பப் போட்டாள். பின்னால் போய்த் தோளை அளந்தாள். யாரும் தோளை அளக்கச் சொல்லவில்லை. இடது தோள் வலதைவிட அரை இஞ்ச் இறங்கியிருந்தது. துப்பாக்கி வார் தொங்கும் பக்கமா என்று கேட்க நினைத்தாள். வாயில் ஊசி.

வெளியே அடுப்படியிலிருந்து லூர்து மேரியின் குரல் வந்தது. “ஏலே, பட்டப்பகல்ல என்னத்துக்குக் கதவச் சாத்துறீக? பஸ்ஸுக்கு நேரமாகுதுல்ல?”

“அளவெடுக்குறா ஆத்தா,” என்றான் செல்வம் சத்தமாக. மெதுவாக அவளிடம் கேட்டான். “கழட்டட்டுமா?”

வேண்டாம் என்று அவள் மறுபடியும் தலையை ஆட்டினாள். அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். ஆந்திராவில் அந்த அம்மா பிடித்த இடமாக இருக்கலாம். ஆனால் இவள் துணியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஒரு வருஷத்துக்கு வேண்டியதை ஒரே நிற்பில் பார்த்துவிடுகிறவள் மாதிரி. அவன் விரல்களைப் பிரிக்கவில்லை.

அப்புறம் அவளேதான் விட்டாள். உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துத் தைக்க இருபது நிமிஷம் ஆனது. முழங்கைக் கறுப்பு நூலை மட்டும் பிரிக்காமல் விட்டுவிட்டாள்.

*

மத்தியான பஸ்ஸுக்கு ஆல்பர்ட்டும் வந்திருந்தான். செல்வம் காலையில் அவனைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டியிருந்தான் போல. மாப்பிள்ளையின் பையைக் கேட்காமலே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். பஸ் வந்தது. கட்டம் போட்ட சட்டைக்காரனைப் பார்த்து, பெரிய பையையெல்லாம் பின்னாடி டிக்கியில் போடு என்று கண்டக்டர் விரட்டினார். செல்வம் போட்டான். ஜன்னலோரம் பாதி சீட் ஒரு வாழைத்தாருக்கு, மீதி அவனுக்கு. பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் அவன் யார் என்று தெரியாது. கிளாராவுக்கு அது இன்றைக்குப் பிடித்திருந்தது.

பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகு ஆல்பர்ட் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“ஒரு தடவ உடுப்புல பாத்திருந்தா நானும் அப்பிடிப் பேசியிருக்க மாட்டேன். நீயாச்சும் பாத்திருக்கியா புள்ள?”

“இல்லண்ணே,” என்றாள் கிளாரா.

வீட்டில் சுவர் காய்ந்திருந்தது. படத்தை எடுத்து மாட்டு, திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள் என்றாள் லூர்து மேரி. கிளாரா ஸ்டூலில் ஏறி, பழைய ஆணியிலேயே மாட்டினாள். இறங்கிப் பார்த்தாள். அந்த உடம்பின் தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன.

தையல் அறைக்குப் போய் அளவு நோட்டை எடுத்தாள். புதுப் பக்கம். பேர் எழுதவில்லை. இடுப்பு முப்பத்தொன்று. இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். வலது முழங்கையில் கறுப்பு நூல். எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். டெலிவரி தேதி.

அடுத்த லீவு எப்போது என்று அவன் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது. கிளாரா பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு மூடி போட்டு, நோட்டின் நடுவில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத் துணியை மிஷினில் ஏற்றினாள்.