பதினொருவரில் ஒருத்தி

1

இந்தக் கதை அண்ணியிடம் இருந்து வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. துணி மடித்துக்கொண்டே அவர் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதை எழுதுகிறவன் இருக்கிற வீட்டில் வாயைத் திறக்க முடியாது என்று அண்ணன் புலம்புவது இதனால்தான்.

அண்ணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சம்பளமில்லாத வேலை ஒன்றும் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் நீக்கலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் கணிதக் கட்டுரைகளைச் செப்பனிடுகிறார். கணக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பதால் இந்தக் கதையை எழுதி அவரிடமே காட்டினேன். கணக்கைப் பார்த்தவர் அதோடு விட்டாரா? நான் கைச்சரக்கைச் சேர்த்த இடங்களிலெல்லாம் கலைக்களஞ்சியத்து வழக்கப்படி, ஆதாரம் கேட்டு [சான்று தேவை] என்று குத்திவைத்தார். சிலவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒரு மழைநாளின் பிற்பகலில், தனிமையின் நிறம் படிந்த திரையின் முன்னால்

அண்ணி அதற்குமேல் படிக்கவில்லை. "தனிமைக்கு என்னடா நிறம்? அன்னிக்கு மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. லேப்ல சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸ்மேல ஃபோனைச் சாய்ச்சு வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன்."

[மழை நீக்கப்பட்டது.]

2 (மறுபடியும்)

"நிபந்தனை நிகழ்தகவு" என்று ஒரு கட்டுரை. ஒரு பையில் கிடந்த சிவப்புப் பந்துகளையும் நீலப் பந்துகளையும் நம்பியே அது ரொம்ப நாள் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. பந்துகளை உதாரணமாகப் போட்டவர் ஏதோ ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருப்பவர். அண்ணி அவரை நேரில் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அவர் பெயர் பந்துக்காரர். மனிதர் வழுக்கைத் தலையர், எப்போதும் முழுக்கைச் சட்டை [சான்று தேவை].

"பைக்குள்ள கையை விட்டுப் பந்து எடுக்கறவன் யாரு? அவனுக்கு வேற வேலை இல்லையா?" இது அண்ணியின் கட்சி. கொஞ்சம் மரியாதையாக மாற்றிப் பேச்சுப் பக்கத்தில் இதையே எழுதினார். பேச்சுப் பக்கம் என்பது ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் இருக்கும் சமையலறை. எழுதுகிறவர்கள் அங்கேதான் முட்டிக்கொள்வார்கள். ஒரு மாத மல்லுக்கட்டுக்குப் பிறகு பந்துகள் ஓரமாக ஒதுங்கின, அண்ணியின் உதாரணம் வந்தது.

ஆயிரம் பேர். அவர்களில் ஐந்து பேருக்கு ஒரு நோய். பரிசோதனை அந்த ஐவரையும் சரியாகப் பிடித்துவிடும். ஆனால் நோய் இல்லாதவர்களிலும் ஏறக்குறைய ஐம்பது பேரைப் பார்த்து, இருக்கிறது என்று தப்பாகச் சொல்லிவிடும். ஆக, இருக்கிறது என்று கேள்விப்பட்டு இடிந்துபோகிறவர்கள் ஐம்பத்தைந்து பேர். நிஜமாகவே இருப்பது ஐந்து பேருக்கு. அதாவது, பதினொருவரில் ஒருவருக்கு.

எனக்கே புரிந்துவிட்டது என்றால் பாருங்கள்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: அந்த ஆயிரம் பேரும் அண்ணியின் கற்பனை. ஒரே மதியத்தில் ஆயிரம் பாத்திரங்கள்! எனக்கு மூன்று பேருக்கே நாக்குத் தள்ளுகிறது.)

3

மூன்றாவது ஆளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள்; பெயரைப் பதியாமல் எழுதுகிறவர்களை அங்கே அப்படித்தான் காட்டும். பேச்சுப் பக்கத்தில் அன்று மதியம் இப்படி எழுதியிருந்தது:

"இங்க கேக்கலாமான்னு தெரியல. என் தங்கச்சிக்கு டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்திருக்கு. இன்னொரு டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. நாளைக்குத்தான் தேதி. எல்லாம் முடிஞ்சுபோச்சு, இனிமே எதுக்குன்னு வரமாட்டேங்கறா. பதினொண்ணுல ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே, அது அவளுக்கும் பொருந்துமா? ஆமான்னு சொன்னீங்கன்னா அவகிட்ட காட்டுவேன்."

இவரை அக்கா என்று வைத்துக்கொள்கிறேன். அண்ணனாகவும் இருக்கலாம்.

அண்ணி கை கழுவிவிட்டு வருவதற்குள் கேள்வியைக் காணோம். பந்துக்காரர் நீக்கியிருந்தார். காரணம்: "பேச்சுப் பக்கம் கட்டுரையை மேம்படுத்த மட்டுமே. மருத்துவ ஆலோசனைக்கு அல்ல." அண்ணி திரும்பப் போட்டார். அவர் நீக்கினார். இவர் போட்டார். அவர் நீக்கினார். அண்ணி மூன்றாம் தடவையும் போட்டார். நீக்கியதை ஒரு நாளில் மூன்று தடவைக்குமேல் திரும்பப் போட்டால், போட்டவரின் பயனர் கணக்கையே முடக்கிவிடுவார்கள். அதுதான் அங்கே விதி.

வில்லன் கிடைத்துவிட்டான் என்று எனக்குக் கை பரபரத்தது.

விதிகளின் இரும்புக் கரத்தால் அந்த ஈவிரக்கமற்ற மனிதர் ஒரு பெண்ணின் கடைசி

"அவரை அப்படி எழுதாத," என்றார் அண்ணி. "அவர் செஞ்சதுல என்ன தப்பு? லேப்ல நானும் அதைத்தான் செய்யறேன். ரிசல்ட்டைக் கவர்ல போட்டு ஒட்டி, டாக்டர்கிட்ட கேட்டுக்கங்கன்னு கொடுக்கறேன். வாங்கிக்கிட்டு என் மூஞ்சியையே பாப்பாங்க. நான் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன்."

"பொருந்தும்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே அண்ணி?"

"அந்த ஆயிரம் பேர் என் மண்டையிலிருந்து வந்தவங்கடா. அந்தப் பொண்ணு எங்கிருந்து வந்தா? உடம்புக்கு ஏதோ பண்ணுதுன்னு போய் எடுத்த டெஸ்டா இருந்தா கணக்கே வேற, அப்படி வர்றவங்கள்ல நோய் இருக்கறவங்க ஜாஸ்தி. பொருந்தும்னா பொய். பொருந்தாதுன்னா அவ வீட்டை விட்டே கிளம்ப மாட்டா."

நான் படைத்த ஆட்களை யாரும் இப்படி நம்பியதில்லை. முதலில் பொறாமையாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது.

4

அவர் மறுபடி நீக்கினால் நான்காவது தடவையும் போட அண்ணி விரலைத் தயாராக வைத்திருந்தபோது ஃபோன் அடித்தது. அண்ணி எப்போதோ எதற்கோ பந்துக்காரரிடம் கொடுத்துவைத்திருந்த நம்பர்.

"பந்து போட்டேனே, அவன் பேசறேன். தயவுசெஞ்சு நாலாவது தடவை போட்டுடாதீங்க. உங்களை முடக்கிட்டா இந்தக் கட்டுரையை வெச்சுக்கிட்டு நான் தனியா என்ன பண்ணுவேன்?"

"அந்தப் பொண்ணு நாளைக்குப் போகணும் சார்."

"நான் இன்னும் நீக்கல, பாத்தீங்களா? யோசிச்சேன். ரெண்டாவது டெஸ்ட் எதுக்குன்னு நாம எங்கயுமே எழுதல. படிச்சவங்களுக்கு அதனாலதான் இந்தச் சந்தேகம். அப்ப அது கட்டுரையோட ஓட்டை. ஓட்டையைக் காட்டற கேள்வி பேச்சுப் பக்கத்துல இருக்கலாம், விதிப்படியே. நீங்க எழுதுங்க, ஆதாரத்துக்கு நான் புத்தகம் தேடறேன்."

இந்த இடத்தில், பந்துக்காரரின் மனைவிக்கும் முன்பு இப்படியொரு கவர் வந்தது என்று எழுதியிருந்தேன். அண்ணி [சான்று தேவை] போடவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "அவருக்கு அப்படி ஒரு காரணம் வேணுமா? சும்மா நல்லவரா இருந்தா உன் கதைக்கு ஆகாதா?"

மனைவியை நீக்கிவிட்டேன். அவர் சும்மா நல்லவர்.

5

அண்ணி மேலதிகாரியிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு எழுதினார். "முதல் முடிவு ஒரு கதவு மட்டுமே" என்ற வரியைப் பந்துக்காரர் அடித்தார். ஓரத்தில் "கவிதை" என்று குறிப்பு. மாலைக்குள் பத்தி இப்படி நின்றது:

"மேலே உள்ள எண்கள் விளக்கத்துக்காகக் கற்பனையாக எடுத்துக்கொண்டவை. எந்த ஒரு நோய்க்கும் ஆளுக்கும் அப்படியே பொருந்தமாட்டா. முதல் பரிசோதனையை மட்டும் வைத்து இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐம்பத்தைந்து பேரும் இன்னொரு பரிசோதனைக்குப் போனால், தப்பாகப் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் வெளியே வந்துவிடுவார்கள். போகாதவர் எந்தப் பக்கம் என்பது அவருக்கே தெரியாது."

கடைசி வரிக்குப் புத்தகத்தில் ஆதாரம் இல்லை. பந்துக்காரர் அதைப் பார்த்தார், விட்டுவிட்டார்.

கேள்விக்குக் கீழே அண்ணி எழுதியது இவ்வளவுதான்: "உங்கள் கேள்வியால் கட்டுரையில் ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. படித்துக் காட்டுங்கள். நன்றி."

அந்த எண்களிலிருந்து அதன்பின் ஒரு வார்த்தையும் வரவில்லை. அண்ணி இன்னமும் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்.

6

முடிவுகள்.

அ. தங்கைக்கு நோய் இருந்தது. நல்ல கனமான முடிவு. கதைகளில் ஒருவர் இருமினால் ஆள் காலி என்று அர்த்தம். பதினொருவர் வரிசையில் நின்றால் கதை எழுதுகிற நாங்கள் நேராகப் போய் அந்த ஒருத்தியின் கையைத்தான் பிடிப்போம். மற்ற பத்துப் பேரை வைத்துக் கதை பண்ணத் தெரியாது எங்களுக்கு.

ஆ. நோய் இல்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்திருப்பது காரணமாகுமா?

இ. அக்காவும் தங்கையும் இரண்டாவது பரிசோதனைக்கு அண்ணியின் லேபுக்கே வருகிறார்கள். ("ஊர்ல எத்தனை லேப் இருக்கு தெரியுமா? முதல்ல நிகழ்தகவைப் படி," என்றார் அண்ணி.)

நோய் இருந்ததா, இல்லையா என்பதை நான் தொடப்போவதில்லை. அதை உங்களிடமே விடுகிறேன். ஒரே ஒரு வரியை மட்டும் என்னால் விட முடியவில்லை:

மறுநாள் காலையில் அக்காவும் தங்கையும் கிளம்பிப் போனார்கள் [சான்று தேவை].

சான்று இல்லாத வரியை யாரும் நீக்கலாம். தாராளமாக நீக்குங்கள். நான் திரும்பப் போடுவேன். மூன்று தடவை வரைக்கும் எனக்கு அனுமதி இருக்கிறது.