செந்நிழலின் நிழல் சிவந்த கதை

செந்நிழல் என்கிற படக்கதை வீரனை உலகத்துக்கே தெரியும். அவன் நிழல் மட்டும் ஏன் சிவப்பாக விழுகிறது என்று கேட்பவர்களுக்கு, இருபத்தெட்டு வருடமாக வாய் கூசாமல் ஒரே பதிலைச் சொல்லி வருகிறேன். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது கனவில் அப்படித்தான் வந்தான், என்று. வாசகர் ஒருவர் அதற்குக் கண், காது, மூக்கு வைத்துத் தனிப் புத்தகமே எழுதிவிட்டார். அத்தனையும் புளுகு.

அவனை வரைந்தவன் நான். படத்தில் எந்த இடத்துக்கு எந்த மை என்று ஒரு தாளில் டிக் போட்டுக் கொடுப்பேன். அச்சகத்து மெஷின்காரர் அதைப் பார்த்து அடிப்பார். முதல் இதழில் நிழலுக்குக் கறுப்பில் போடவேண்டிய டிக்கை, கவனமில்லாமல் சிவப்பில் போட்டுவிட்டேன். மொத்த இதழும் அப்படியே அச்சாகிவிட்டது. பத்திரிகையையும் அச்சகத்தையும் நடத்திய முதலாளி குதி குதியென்று குதித்தார். அவசரமாக அந்தத் தாளை எடுத்து ஒளித்துவிட்டு, வேறொரு தாளில் சரியாகக் குறித்து, இதைத்தான் கொடுத்தேன் என்று நீட்டினேன்.

மெஷின்காரர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிவப்புன்னுதானே பாத்தேன்," என்றார். அன்று மாலையே முதலாளி அவர் சீட்டைக் கிழித்தார். இதழோ அந்தச் சிவப்பு நிழலுக்காகவே விற்றுத் தீர்ந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். புகழ் இனித்தது, வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் புத்தகக் கண்காட்சியில், கையெழுத்து வாங்கும் வரிசையில் அந்த மெஷின்காரர் வந்து நின்றார். கையில் அந்த முதல் இதழ்.

"சார், நான் பண்ண தப்ப நீங்க கனவு அது இதுன்னு சொல்லி அழகா சமாளிச்சிட்டீங்க. நன்றி சொல்லத்தான் வந்தேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "அப்புறம் வேற அச்சகத்துக்குப் போகலயா?"

"எப்படிப் போறது? என் கண்ணையே நம்ப முடியல. டாக்டர் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னார். அவரையும் நம்பாம அடம்பிடிச்சு இதை வாங்கினேன்," என்று மூக்குக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "கிடங்குல மூட்டை தூக்கினேன். கவனமில்லாத மனுசன்னு என் மககூட சொல்லுவா."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "உங்க கண்ணு சரியாத்தான் பாத்துச்சு. சிவப்புல டிக் போட்டது நான். தாளை மாத்தினதும் நான்தான்."

அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு இதழை என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் குடுங்க."

"என்ன எழுத?"

"இப்ப சொன்னீங்களே, அதை. என் மக படிக்கட்டும்."

சிவப்பு நிழலுக்குப் பக்கத்தில் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். கீழே தேதி போடப் போனபோது அவர் தடுத்தார்.

"இன்னைக்குத் தேதி வேணாம். தாளை மாத்தின அன்னைக்குத் தேதி போடுங்க."

எனக்கு அது நினைவில்லை. அவர்தான் சொன்னார், கிழமையோடு.