கம்பளியை விட்டுப் போனவன்

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. மார்கழியில் கூடாரம் அடித்துத் தங்குபவர்கள் குளிருக்கு எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார் விழுப்புரத்துப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர். என்னுடையது நிலம் அளக்கும் உத்தியோகம். கூடாரம் எனக்குப் பழக்கம். எழுதினேன்:

தரையில் வைக்கோலைக் கனமாகப் பரப்புக. குளிர் கீழிருந்துதான் அதிகம் ஏறும். அதன்மேல் ஜமுக்காளம். போர்த்திக்கொள்ளக் கம்பளி. பனியில் நனைந்தாலும் கம்பளி சூடு தரும். பருத்தி நனைந்தால் செத்தவர் கையைப்போல —

அங்கே நின்றுவிட்டது.

2

ஆகவே ஒருவனை உண்டாக்கினேன். தேவநாதன், பி.ஏ., சர்வேயர். மனைவி செண்பகம் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. (அவன் நான் இல்லை. என்னைவிட உயரம்.)

விழுப்புரம் பக்கத்துப் பிரம்மதேசத்து ஏரிக்கரையில் முகாம். வண்டியில் ஆளுக்கு ஒரு படுக்கைச் சுருளுக்குத்தான் இடம். அவனிடம் இரண்டு போர்வைகள். ஒன்று, செண்பகம் தன் பழம்புடவைகளை அடுக்கித் தைத்தது. மற்றது, அவனுக்குப் பெண் கொடுக்க விரும்பும் வீட்டார் திண்டிவனத்திலிருந்து அனுப்பிய புதுக் கம்பளி. யுத்த காலத்தில் நல்ல கம்பளி கிடைப்பதே அரிது. அதைப் போர்த்திக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம்.

3

அவன் அக்கா கெங்கம்மாளைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. கம்பளியை மடித்துக்கொண்டே பேசினாள்.

“செத்தவ துணியப் போத்திக்கினு எத்தினி நாளுடா படுப்ப? ஏரியில வுட்டுட்டு வா.”

“எனக்கு இது போதும்க்கா.”

“இந்தக் கந்தையா? வெறைச்சிக்கினு கெடந்தா உன் பி.ஏ. வந்து போத்திவுடுமா?”

“கம்பளிய நீ போத்திக்க.”

“ஏன், எனக்கா பொண்ணு பாக்கறாங்க?”

தேவநாதன் சிரித்தான். [இல்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. அவ்வளவுதான்.]

4

முடிவு ஒன்று: கம்பளியை எடுத்துப்போகிறான். தையில் கல்யாணம். “கட்டுரைக்கும் ஒத்து வருது சார்” என்றார் ஆசிரியர்.

முடிவு இரண்டு: கனவில் செண்பகம் வந்து — (சீ.)

முடிவு மூன்று: அவள் தைத்த போர்வைக்குள் அவனுக்குக் குளிரே தெரியவில்லை. பொய். பருத்தி பருத்திதான்.

5

வண்டி வந்தது. பழம்புடவைப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஏறினான். கெங்கம்மாள் கம்பளியோடு வாசலில் நின்றாள். திரும்பிப் பார்த்தானா என்று கேட்காதீர்கள்.

முகாமில் முதல் விடியல். போர்வை முழுக்க ஈரம். பல் கிட்டிப்போயிருந்தது. கட்டுரையில் இருப்பது அத்தனையும் சரி. அவன்தான் தப்பு. இருக்கட்டும்.

இன்னும் பல நாள் அங்கே தங்க வேண்டும். இனி அவன் உங்கள் பொறுப்பு. வைக்கோலை இன்னும் கனமாகப் போடுங்கள். கூடாரத்துக்கு வெளியே நெருப்பு மூட்டுங்கள். கேப்பைக் கூழைச் சூடாகக் கொடுங்கள். திண்டிவனத்துக் கம்பளியை மட்டும் கொண்டு வராதீர்கள். அவன் வாங்கமாட்டான்.

வாங்கினான் என்று நான் எழுதவும் மாட்டேன்.