பனிக்குத் தப்பி வந்தவர்கள்

உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த பிறகு, லண்டனில் குளிர் ஏறியதும் அங்கே குடியேறியிருந்த ஆதம்பாவா மனைவி றுகையாவோடு கல்முனைக்கு வந்துவிடுவார். தையில் வந்தால் பங்குனி வெயிலுக்கு முன் கிளம்பிவிடுவார். மற்ற மாதங்களில் அவருடைய கடற்கரை மாடிவீடு பூட்டிக் கிடக்கும்.

அந்த நிலத்தில் முன்பு தங்கை நஸீறாவின் குடிசை இருந்தது. சுனாமி குடிசையையும் அவளுடைய சின்ன மகளையும் கொண்டுபோயிற்று. கரையில் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்று அதிகாரிகள் அவளை வயல் பக்கத்துக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அவள் காக்கா என்று அழைக்கும் அண்ணன் மட்டும் எப்படியோ கட்டிக்கொண்டார். அவருக்குச் சமைத்துப்போட நஸீறா வந்துபோனாள்.

அந்த வருடம் குடியிருப்புச் சனத்துக்கு ஒரு விருந்து வைக்க ஆதம்பாவா நினைத்தார். நாவிதன்வெளிக் குளத்தில் இறங்கும் வெளிநாட்டு வாத்துகளான தாராக்களைப் பிடித்துவர ஆட்களிடம் சொன்னார்.

"அதுகளும் நம்மளப் போலதான் புள்ள, பனிக்குப் பயந்து வருதுகள்" என்று நஸீறாவிடம் சொல்லிச் சிரித்தார்.

விருந்தன்று காலையில் சாக்கு வந்தது. நஸீறா குசினியில் அடுப்படியோரம் அவிழ்த்துக் கொட்டினாள். பூச்சிமருந்து நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. தாராக்களின் அலகுகளில் மஞ்சள் நுரை காய்ந்திருந்தது. ஒன்றின் கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள். கத்தி படவே இல்லை.

"காக்கா, இதுகள் நெல்லுல மருந்து வச்சுக் கொன்றது. பிஸ்மி சொல்லி அறுக்கவுமில்ல."

ஆதம்பாவா எட்டிப் பார்த்தார். "இப்ப கழுத்த வெட்டி உடு. ஆருக்குத் தெரியப்போகுது? மசாலாவக் கூடப் போட்டு ஆக்கு."

றுகையா மூக்கைப் பொத்தியபடி வந்தாள். "நமக்குக் கோழி வை நஸீறா. இத வாற சனத்துக்குக் குடுப்பம்."

நஸீறா கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது இருவரும் இன்னும் அங்கேதான் நின்றார்கள், அவள் எப்போது அடுப்பு மூட்டுவாள் என்பதுபோல.

"எங்கட புள்ளைகளும் திங்க வருதுகள், காக்கா."

"பெரிசாக் கதைக்காத. செத்தா போவாங்க?"

நஸீறா தாராக்களைச் சாக்கில் அள்ளி, மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனாள். நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தாள். பிறகு வாசலில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். உள்ளே றுகையா கத்தியது தெருவுக்கே கேட்டது.

மறு வருடம் தையில் காக்கா ஆள் அனுப்பினார். நஸீறா போகவில்லை.

"கூடப் பிறந்தவர்தானே, போனா என்ன?" என்று பக்கத்து வீட்டு ஆமினா உம்மா கேட்டாள்.

"அந்த ஆக்கள்ற சட்டியத் தொட அருவருப்பா இரிக்கி உம்மா" என்றாள் நஸீறா.