பதினோரு நான்குகள்

“அறிவு என்று எதைக் கருதுகிறீர்கள்?” என்ற கேள்வி திரையில் தோன்றியதும், சிவில் துறைத் தலைவர் பத்ரிநாத் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இது எப்ப முடியும் மேடம்? ரெண்டு மணிக்கு எனக்கு லேப்.”

“பன்னெண்டரைக்கு முடிஞ்சிடும் சார்” என்றாள் அமர்வை நடத்தியவள்.

“அறிவு பன்னெண்டரைக்கு முடிஞ்சிடுமாம், கேட்டுக்கோங்கப்பா” என்றார் பின்வரிசையிலிருந்து கோவிந்தப்பா. சிரிப்பு எழுந்தது. அது நட்பான சிரிப்பன்று.

ஓசூர் சாலையிலுள்ள அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சி மையத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்தாள் நிருபமா. அறிவையும் கற்றலையும் பற்றி ஆசிரியர்கள் தம்மையறியாமல் கொண்டிருக்கும் நம்பிக்கைகளை அவர்களே கண்டுணரச் செய்வது அவள் பணி. ஐந்து துறைகளில் அமர்வு நடத்தியாகிவிட்டது. எவரும் வாய் திறக்கவில்லை. சிவில் துறையிலாவது ஏதேனும் வெளிப்பட்டு, அது சான்றோடு அறிக்கையில் இடம்பெற்றால்தான் ஒப்பந்தம் நீளும் என்று டீன் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்.

ஆகவே இம்முறை அவள் கேள்வியை நம்பவில்லை. ஒரு விடையை நம்பினாள். பளு ஏற்றிய உத்திரம் எவ்வளவு வளையும் என்ற கணக்குக்கு ஒரு மாணவி எழுதிய விடை அது. பாடநூலின் சூத்திரத்தைத் தொடாமல், தானே வரைந்த ஒரு படத்தைக் கொண்டு அவள் சரியான எண்ணை அடைந்திருந்தாள். அதன் நகல் பதினோரு ஆசிரியர்களுக்கும் தரப்பட்டது.

“பத்து மார்க் கேள்வி. உங்களுக்குத் தோணுற மார்க்கைப் போடுங்க. பேர் வேணாம். யார் என்ன போட்டீங்கன்னு நான் கேக்கவும் மாட்டேன்.”

ஒருவர் இரண்டு போடுவார், மற்றொருவர் ஒன்பது போடுவார். அந்த இடைவெளியிலிருந்து பேச்சு பிறக்கும் என்று அவள் எண்ணியிருந்தாள்.

சிவப்புப் பேனாக்கள் திறந்தன. சற்றுநேரம் கழித்துப் பத்ரிநாத் எவரையும் பாராமல் உரக்கச் சொன்னார்: “ஃபார்முலாவே இல்ல. மார்க்கிங் ஸ்கீம் படி படத்துக்கு ரெண்டு, ஃபைனல் ஆன்சருக்கு ரெண்டு. அவ்வளவுதான்.”

பேனாக்கள் ஒரு கணம் நின்று, மீண்டும் நகர்ந்தன.

தாள்களைத் திரட்டிப் பார்த்தபோது பதினொன்றிலும் நான்கு.

“சார் சொன்னப்புறம் யாருமே தனியா யோசிக்கலையா?” என்றாள் நிருபமா.

“நீங்க வேல்யுவேஷனுக்கு உக்காந்திருக்கீங்களா மேடம்?” என்றார் கோவிந்தப்பா. “ஒரு பேப்பரை ரெண்டு பேர் திருத்துவோம். ரெண்டு மார்க்குக்கும் ரொம்ப வித்தியாசம் வந்தா மூணாவது ஆளுக்குப் போகும். அப்புறம் எங்களைக் கூப்பிட்டு விளக்கம் எழுதுன்னுவாங்க. நான் ஒருதரம் எழுதியிருக்கேன். அந்தக் கஷ்டமே வேணாம், பேடா சாமி.”

“அப்போ, பக்கத்துல இருக்கிறவரும் எதைப் போடுவாரோ அதுதான் சரியான மார்க். உங்க நம்பிக்கை அதானே?”

அவள் குரலில் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி தெரிந்தது. அறை இறுகியது.

“நாளைக்கு ஒரு பாலம் கட்டறோம்” என்றார் பத்ரிநாத். “ஒருத்தர் எட்டு டன் தாங்கும்கிறார், இன்னொருத்தர் நாலுங்கிறார். அவங்கவங்க நம்பிக்கைன்னு சொல்லிட்டு நீங்க அது மேல நடப்பீங்களா? நாங்க ஒரே அளவுகோல் வெச்சிருக்கோம். அதைக் கேலி பண்ண எங்களைக் கூட்டிவெச்சிருக்கீங்க. இதுல தப்பு எங்க இருக்கு, காட்டுங்க.”

நிருபமா தாள்களைப் புரட்டினாள். ஒரு தாளில் எட்டு என்று எழுதி, அடித்து, அருகில் நான்கு என்று போடப்பட்டிருந்தது.

“ஒரு தாள்ல திருத்தம் இருக்கு சார்...” என்று ஆரம்பித்த பிறகே அவள் அடுத்ததைக் கண்டாள். மார்க்கைத் திருத்தினால் பக்கத்தில் இனிஷியல் இடவேண்டும் என்பது மதிப்பீட்டு விதி. பெயரே வேண்டாம் என்ற தாளிலும் பழகிய கை அதைச் செய்திருந்தது: ஜெ.ல.

இரண்டாம் வரிசையில் ஆசிரியை ஜெயலட்சுமியின் முகம் வெளுத்திருந்தது.

“யாருது? குடுங்க பாக்கலாம்” என்று கை நீட்டினார் பத்ரிநாத்.

“கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன் சார்.”

“பேரில்லாத தாள்ல மறைக்க என்ன இருக்கு?”

அவள் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டாள். பத்ரிநாத் வெளியேறும்போது ஒவ்வொரு முகத்தின் மீதும் ஒரு கணம் கண்ணை நிறுத்திச் சென்றார்.

ஜெயலட்சுமி கடைசி ஆள் போகும்வரை காத்திருந்தாள்.

“அதைக் குடுங்க.”

“மேடம், நீங்க முதல்ல போட்ட எட்டு...”

“சரியா தப்பான்னு உங்களைக் கேட்டேனா? என் ப்ரமோஷன் ஃபைல் அவர் டேபிள்ல இருக்கு. ‘திருத்தம் இருக்கு’ன்னு தமுக்கடிச்சாச்சு. இனிமே என்ன பாக்கி?”

“இனிஷியலை மறைச்சுட்டு ஒரு காப்பி மட்டும் எடுத்துக்கறேன். என்கிட்ட வேற எதுவுமே இல்ல மேடம். இது இல்லேன்னா எனக்கு வேலை போயிடும்.”

“பதினாலு வருஷமா என் எழுத்தைப் பாக்கறார். அந்த எட்டு ஒண்ணு போதும் அவருக்கு.”

நிருபமா தாளைப் பார்த்தாள். “ஏன் எட்டு போட்டீங்க? அதையாவது சொல்லுங்க.”

“அந்தப் பொண்ணு படத்தைப் பாத்துத்தான் எனக்கே உத்திரம் ஏன் அப்படி வளையுதுன்னு புரிஞ்சுது. எத்தனை வருஷமா ஃபார்முலாவைப் போர்டுல எழுதிப் போட்டுட்டிருக்கேன்.” ஜெயலட்சுமியின் குரல் உடனே கடுமையானது. “இதையும் எழுதிக்கிட்டீங்கன்னா நான் சொல்லவே இல்லேம்பேன்.”

ஓராண்டில் அவள் கேட்கவிரும்பிய ஒரே வாக்கியம், அந்தப் படத்தால் புரிந்தது என்றதுதான். நிருபமா தாளை நீட்டினாள். ஜெயலட்சுமி அதை அங்கேயே நான்காகக் கிழித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு போனாள்.

‘அமர்வில் வெளிப்பட்ட நம்பிக்கைகள்’ என்ற தலைப்பின் கீழ் ‘பதிவுசெய்யத்தக்கது ஏதுமில்லை’ என்று தட்டச்சிட்டு, மூன்று மணிக்கு முன்பே அறிக்கையை டீனுக்கு அனுப்பினாள் நிருபமா. பிறகு மேசை இழுப்பறைகளிலிருந்த தன் புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைக்கத் தொடங்கினாள்.