கப்பலில் வந்தவருக்கு ஓர் இலை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஆட்டோ ஓட்டும் துரைசாமியின் வீட்டு இலையிலிருந்து வந்தது. போன ஆடி அமாவாசைக்கு என்னை மதித்துக் கூப்பிட்டுச் சோறு போட்டார். சாப்பிட்டேன், கை கழுவினேன், அவர் வீட்டில் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று மறுபடியும் ஆடி அமாவாசை. மத்தியானத்துக்குள் நான் புரோத்ராபூரில் அவர் வீட்டில் இருக்க வேண்டும். கிளம்பாமல் ஜங்லிகாட்டில் என் மாடி வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதினால் ஒரு வழி பிறக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிறக்காது.

தொடக்கத்தை முதலில் இப்படி எழுதியிருந்தேன்: ‘நீலக்கடலின் அலைகள் அந்த வீர மரபின் கண்ணீரை இன்றும் சுமந்து—’

சீ! டிவித் தொடருக்கு எழுதி எழுதிக் கை கெட்டுப்போயிருக்கிறது.

2

என் பெயர் சிவஞானம். மனைவி வைஜெயந்திக்கு அரசு வேலை. அவளுக்கு போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது, நான் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சென்னையில் ஒரு கம்பெனி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எடுக்கும் ராஜா காலத்துத் தொடருக்கு இங்கிருந்தே கதை வசனம் எழுதி அனுப்புகிறேன். இல்லாத ஒரு பாளையம், அதில் பிறக்காத ஓர் இளவரசன், வேல்மாறன். பங்காளிகள் சதி செய்ய, வெள்ளைக்காரன் அவனைக் கப்பலேற்றி இந்தத் தீவுக்கு அனுப்புகிறான்.

இயக்குநர் வினோத்குமார் போனில் சொல்வார்: “சார், கப்பல்லயும் கிரீடம் இருக்கட்டும். பசங்க ரீல்ஸ் போடணும்ல? முடி மட்டும் கொஞ்சம் இப்பத்தி ஸ்டைல்ல பறக்கவிட்டுக்கலாம்.”

கைதியை ஏற்றிய கப்பலில் கிரீடமா என்று நான் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தேன். தொடரின் முடிவில் ‘வரலாற்று ஆராய்ச்சி: சிவஞானம்’ என்று ஒரு வரி ஓடும்.

(நான் செய்த ஆராய்ச்சி: துரைசாமியின் ஆட்டோவில் பின்சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்டது.)

3

துரைசாமி இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பம். அவருடைய முதல் பாட்டன் கைதியாக வந்து இறங்கியவர். அவர் பெயர் என்ன, ஊர் எது, என்ன குற்றம், ஒன்றும் தெரியாது. கூடப் பிறந்தவர்கள் இருந்தார்களா என்றும் தெரியாது. கல்யாணம் செய்துகொண்டவள் வேறு பாஷைக்காரி. பிள்ளைகள் இந்தியில் வளர்ந்தார்கள்.

“என் தமிழே புஷ்பம் குடுத்ததுதான் சார்,” என்பார். புஷ்பம் அவர் மனைவி, தூத்துக்குடிப் பக்கம். “எங்க வீட்ல பழைய தமிழ்னு பார்த்தா ஒரே ஒரு வரிதான் இருக்கு. மத்லப், அதான், அமாவாசைக்குச் சொல்றது.”

அந்த வரியைத்தான் போன வருடம் கேட்டேன். கடல் பார்த்த பக்கமாக அந்த முதல் பாட்டனுக்கு ஓர் இலை. சோறு, பருப்பு, ரொட்டி, கருவாடு, ரவையில் கிளறிய சூஜி அல்வா, எல்லாவற்றிலும் ஒரு கை. அமாவாசையன்று கருவாடா என்று விழித்தேன். துரைசாமி சிரித்தார். “அவருக்கு என்ன பிடிக்கும்னு எங்களுக்குத் தெரியாதே சார். அதான் எல்லாத்துலயும் கொஞ்சம். எது பிடிக்குதோ எடுத்துக்கட்டும்.”

பிறகு எழுந்து நின்று, யாரோ வாசலில் தயங்கி நிற்பதைப் போல, சாதாரணக் குரலில் கூப்பிட்டார்: “கப்பல்ல வந்தவரே, வந்து சாப்பிடுங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. அடுத்த வாரமே அதைத் தொடரில் வைத்துவிட்டேன்.

4

வேல்மாறன் தீவில் இறந்துபோகிறான். அவன் பிள்ளைகள் இலை போட்டு அதே வார்த்தையில் கூப்பிடுகிறார்கள். வினோத்குமார் போனிலேயே அழுதார். “எங்க சார் பிடிச்சீங்க?” என்றார். “வந்தது,” என்றேன்.

இலையில் மட்டும் ஒரு மாற்றம். விளம்பரம் கொடுத்தவர்கள் சிறுதானிய சத்துமாவு விற்கிறவர்கள். அதனால் எல்லாவற்றிலும் ஒரு கை என்பது போய், இளவரசனுக்குப் பிடித்தது தினைப் பாயசம் என்று ஆயிற்று.

(இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் அருவருப்பான வாக்கியம் மேலே உள்ளது. எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுக்கவில்லை.)

5

இனி ஷோபா. துரைசாமியின் மகள், பத்தாம் வகுப்பு. இவளை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. முதல் வரைவில் இவளை ஏமாளியாக எழுதியிருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது. அவள் ஏமாளி இல்லை.

வகுப்பில் சொந்த ஊர் எது என்று ஒவ்வொருவரையும் கேட்டார்களாம். ஒருத்தி ஸ்ரீகாகுளம் என்றாள், ஒருத்தன் மதுரை என்றான். ஷோபா புரோத்ராபூர் என்றாள். “அதுக்கு முன்னாடி?” என்று கேட்டார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், “ஜெயில்!” என்றான். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு பல நாள் அவள் பள்ளிக்கூடத்தில் சரியாகப் பேசவில்லை என்று துரைசாமி ஆட்டோவில் சொல்லியிருக்கிறார். நான் “உச்” கொட்டினேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் தொடரில் தன் அப்பாவின் வார்த்தை வருவதைக் கேட்டாள்.

அவள் யோசித்ததில் என்ன தப்பு? இந்த வார்த்தை தங்கள் வீட்டைத் தாண்டி வேறெங்கும் இல்லை. அது டிவியில் வருகிறது. கீழே ஆராய்ச்சி என்று போடுகிறார்கள். அப்படியானால் அந்த இளவரசன் தங்கள் ஆள்தானே?

துரைசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். “எவ்ளோ தேடியிருப்பீங்க சார்! பேரையே கண்டுபிடிச்சுட்டீங்களே!”

அவர் வீட்டிலேயே உட்கார்ந்து நான் அந்த வார்த்தையைக் கேட்டது அவருக்கு மறந்துவிட்டதா? அல்லது தன் வீட்டில் சாப்பிட்டவனைத் திருடன் என்று நினைக்க மனம் வரவில்லையா? கேட்கவில்லை. கையை மட்டும் விடுவித்துக்கொண்டேன்.

6

போன் அடித்தது. புஷ்பம்.

“கெளம்பிட்டீங்களா சார்? தினை கெடச்சிருச்சு. இங்க எந்தக் கடையிலயும் இல்ல, மெயின்லாண்ட்ல எங்கண்ணன்கிட்டச் சொல்லி கப்பல்ல வரவச்சேன். இந்தத் தடவை கருவாடெல்லாம் வேணாம்னுட்டா ஷோபா. ராஜா வீட்டு ஆளுக்குப் போய் அதை வைப்பாங்களாங்கிறா.”

“சரிம்மா.”

“நீங்க வந்துதான் பேரைச் சொல்லிக் கூப்பிடணுமாம். உங்களுக்குத்தானே சரியாத் தெரியும்.”

“வர்றேம்மா.”

இப்போது முடிவுகள்.

முதல் முடிவு: உண்மையைச் சொல்கிறேன். ஷோபா, ‘பரவாயில்ல அங்கிள், பேரில்லாதவரே எங்களுக்குப் போதும்’ என்று புன்னகைக்கிறாள். (பதினைந்து வயதுப் பெண் என் மானத்தைக் காப்பாற்ற இப்படிப் பேசுவாளாம். தூ.)

இரண்டாவது: சொல்லாமல் வேல்மாறனைக் கூப்பிடுகிறேன். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் சோறு இல்லை. அவர் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார்?

மூன்றாவது: காய்ச்சல் என்று போகாமல் இருந்துவிடுவது. இதைத்தான் காலையிலிருந்து முயன்றுகொண்டிருக்கிறேன்.

வைஜெயந்தி பின்னால் வந்து நின்று படித்தாள். “உண்மையைச் சொல்லிட்டு வாங்க. முடியலன்னா பேசாமச் சாப்பிட்டுட்டு வாங்க. ஆனா அந்த மனுஷங்களை இன்னொரு தடவை கதை பண்ணாதீங்க,” என்றாள்.

நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே அதையும் செய்துவிட்டேன்.

7

கீழே ஹார்ன். துரைசாமியே வந்துவிட்டார். மீதியை ஆட்டோவில் போனில் தட்டுகிறேன். பள்ளத்தில் வண்டி குலுங்குகிறது, எழுத்து தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஷோபா, மடியில் சுருட்டிய வாழையிலை. டெய்ரி ஃபார்ம் பகுதியில் யார் வீட்டுத் தோட்டத்திலோ கேட்டு வாங்கினார்களாம்.

“கிளாஸ்ல சொல்லிட்டேன் அங்கிள். இப்ப யாரும் சிரிக்கறதில்ல.”

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத்—

“ஒண்ணுதான் அங்கிள் கஷ்டமா இருக்கு,” என்றாள். “இத்தனை வருஷமா பேரே சொல்லாமக் கூப்பிட்டிருக்கோம். எல்லார் வீட்லயும் பேர் சொல்லித்தானே கூப்பிடுவாங்க. எங்க வீட்டு வாசல்ல நின்னு, தன்னைத்தான் கூப்பிடறாங்களான்னு தெரியாம, அவருக்கு எவ்ளோ வெட்கமா இருந்திருக்கும்!”

முன்னாலிருந்து துரைசாமி, “அரே, அதெல்லாம் அவர் தப்பா நெனைக்க மாட்டாரு,” என்றார்.

வீடு வந்துவிட்டது. கடல் பக்கமாக இலை விரித்தாயிற்று. நடுவில் தினைப் பாயசம் மட்டும், ஆவி பறக்க. துரைசாமி ஒதுங்கி எனக்கு வழி விடுகிறார். புஷ்பம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். “போனை வைங்க அங்கிள்,” என்கிறாள் ஷோபா.

வைக்கிறேன். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. எதை எழுதினாலும் என்னை நல்லவனாக்கித்தான் எழுதுவேன். ஓர் இடம் விட்டிருக்கிறேன். அதில் பெயரை வைப்பதோ, முன்பு இருந்த வார்த்தையையே திருப்பி வைப்பதோ உங்கள் பாடு. வைப்பதற்கு முன் அந்தப் பெண்ணின் முகத்தை ஒருமுறை பாருங்கள். வாசல் பக்கமும் ஒருமுறை பாருங்கள், அங்கே ஒருவர் காத்து நிற்கிறார்.

“……………………, வந்து சாப்பிடுங்க.”